மெஷ்ஷை மறுபடி பின்னுவது எப்படி? ரீடோப்பாலஜி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரக்டர் மாடலிங் வேலையில் இருப்பதால், கணினியில் 3டி உருவத்தைச் செதுக்கி முடித்த பிறகு என்ன செய்வது என்று புதிதாக வருபவர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: காது வளர்த்து, பாம்படம் போட்ட ஒரு பாட்டியின் தலை. முகமெல்லாம் சுருக்கம், காதுமடல் தோள்வரை தொங்குகிறது. அனிமேஷனில் அவர் வெற்றிலை மெல்ல வேண்டும், பேச வேண்டும், சிரிக்க வேண்டும்.

ரீடோப்பாலஜி என்றால் என்ன?

செதுக்கிய உருவம் அப்படியே இருக்க, அதன்மேல் இருக்கும் வலையை (மெஷ்) மட்டும் வேறு மாதிரி பின்னுவது. புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பது வடிவம். எந்தப் புள்ளி எதனோடு இணைகிறது என்பதுதான் டோப்பாலஜி. பாட்டியின் ஸ்கல்ப்ட்டில் (செதுக்கிய மெஷ்ஷில்) 40 லட்சம் பாலிகன் (வலையின் கட்டம்) இருக்கலாம். புதிய வலையில் 6,000 இருந்தாலே போதும், ஆனால் அந்த 6,000 பாலிகனும் கண்ணையும் வாயையும் சுற்றி ஒழுங்காக ஓட வேண்டும்.

செதுக்கும்போதே வலை நன்றாக அமையக்கூடாதா?

செதுக்கும்போது மூக்கை இழுப்போம், தாடையை வளர்ப்போம், காதைப் புதிதாக ஒட்டுவோம். இழுத்த இடத்தில் பாலிகன் நீண்டுபோய், அதற்குமேல் நுணுக்கமே ஏறாது. இதற்குத்தான் ஸீபிரஷ் என்ற செதுக்கும் மென்பொருள் 2011-இல் 4ஆர்2 பதிப்பில் டைனமெஷ்ஷைக் கொண்டுவந்தது. இன்னொரு 3டி மென்பொருளான பிளெண்டரில் வாக்செல் ரீமெஷ் 2019 நவம்பரில் 2.81 பதிப்போடு வந்தது. இரண்டும் உருவம் இருக்கும் இடத்தைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் (வாக்செல்) பிரித்து, மேற்பரப்பு எங்கே போகிறதோ அங்கே சம அளவுக் கட்டங்களைப் போட்டுவிடும். கண், வாய் என்ற வித்தியாசமெல்லாம் அதற்குத் தெரியாது.

இது குறையே இல்லை. செதுக்குகிறவர் வலையைப் பற்றிக் கவலைப்படாமல் உருவத்தை மட்டும் பார்க்க முடிவது பெரிய விடுதலை. வலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் நாம் இன்று துணிந்து செதுக்குகிறோம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். வாக்செல் அளவு காதுமடலின் தடிமனைவிடப் பெரிதாக இருந்தால் பாம்படம் தொங்கும் அந்த மெல்லிய வளையம் அறுந்துபோகும், இல்லை ஓட்டை அடைந்துபோகும். அளவைக் குறையுங்கள். ஆனால் அளவைப் பாதியாக்கினால் பாலிகன் எண்ணிக்கை கிட்டத்தட்ட நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லா மாடலுக்கும் ரீடோப்பாலஜி தேவையா?

தேவையில்லை. 3டி பிரிண்ட் எடுக்கப் போகிறீர்கள் என்றால் எஸ்டிஎல் கோப்பில் எல்லாம் முக்கோணமாகத்தான் போகும். குவாட் (நான்கு பக்கக் கட்டம்) பின்னி என்ன பயன்? ஸீபிரஷ்ஷில் டெசிமேஷன் மாஸ்டர், பிளெண்டரில் டெசிமேட் மாடிஃபையர் போட்டு பாலிகன் எண்ணிக்கையைக் குறைத்து அனுப்பிவிடுங்கள். அசையாத பாறை, தூண், சிலை போன்றவற்றுக்கும் பெரும்பாலும் இதுவே போதும். கேம் எஞ்சினான அன்ரியல் எஞ்சின் 5-இன் நானைட் வசதி வந்த பிறகு, அசையாத பொருட்களை அடர்த்தியான மெஷ்ஷோடு அப்படியே கேமுக்குள் ஏற்றவும் முடிகிறது.

முகம் அசைய வேண்டும், கை மடங்க வேண்டும், யுவி (படம் ஒட்டுவதற்காக மேற்பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம்) ஒழுங்காக விரிய வேண்டும், இதே மெஷ்ஷில் இன்னொருவர் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும் என்ற நிலை வந்தால் தவிர்க்க முடியாது. மெஷ்ஷின் அடுத்த வேலை என்ன என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸீபிரஷ்ஷில் தானாக வலை பின்னும் ஸீரீமெஷர் பட்டனை அழுத்தினால் முடிந்துவிடாதா?

பாதி வேலை முடியும், அதுவும் நன்றாகவே முடியும். 2013-இல் 4ஆர்6 பதிப்பில் வந்தபோதே அது எங்கள் வேலை நாளைச் சுருக்கிவிட்டது. மேற்பரப்பு எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து, அந்த வளைவோடு குவாட்களை ஓடவிடுகிறது.

அதற்குத் தெரியாதது ஒன்றுதான்: இந்த உருவம் நாளை எப்படி அசையப் போகிறது என்பது. பாட்டி வாய் மூடி அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது கன்னத்தில் இருக்கும் வளைவைத்தான் அது பார்க்கிறது. வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கும்போது தோல் எந்தத் திசையில் நகரும் என்பது முகத்தைப் பார்த்துப் பழகிய நமக்குத்தான் தெரியும். அதனால் உடம்பு, உடை, பாம்படம் போன்றவற்றை ஸீரீமெஷரிடம் தாராளமாகக் கொடுக்கிறேன். பேசும் முகத்தையும் விரல்களையும் கையால்தான் பின்னுகிறேன்.

ஸீரீமெஷரில் எந்த அமைப்புகளைத் தொட வேண்டும்?

முதலில் சப்டூலை (ஸீபிரஷ்ஷில் தனிப் பாகமாக இருக்கும் மெஷ்) நகலெடுங்கள். அசல் ஸ்கல்ப்ட்டைத் தொடவே கூடாது, பின்னால் நுணுக்கங்களை அதிலிருந்துதான் எடுக்கப் போகிறோம். எக்ஸ் அழுத்தி சமச்சீரைப் போடுங்கள். டார்கெட் பாலிகன் எண்ணிக்கை ஆயிரங்களில் இருக்கும், 5 என்று வைத்தால் சுமார் 5,000. அடாப்டிவ் சைஸைக் குறைத்தால் கட்டங்கள் ஒரே அளவில் வரும். கூட்டினால் வளைவான இடத்தில் சிறிதாகவும் தட்டையான இடத்தில் பெரிதாகவும் வரும்.

ஸீரீமெஷர் கைட்ஸ் பிரஷ்ஷைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. கண்ணைச் சுற்றி ஒரு வளையம், வாயைச் சுற்றி ஒன்று, கழுத்தில் ஒன்று என்று வரைந்தால் வலை அந்தக் கோட்டோடு ஓட முயலும். நிறைய வரைந்துவிட்டால் கோடுகள் ஒன்றோடொன்று சண்டை போட்டு, இருந்ததையும் கெடுக்கும். நான் ஒரு தலைக்கு ஆறேழு கோட்டுக்கு மேல் போடுவதில்லை. உதட்டை ஒரு பாலிகுரூப்பாகப் (பாலிகன்களின் தனிக் குழு) பிரித்துவிட்டு கீப் குரூப்ஸ் போடுவதும் நல்ல வழி, குரூப்பின் எல்லையில் ஒரு லூப் (கட்டங்களின் ஓரக்கோடுகள் தொடர்ந்து ஓடும் வரிசை) நிச்சயமாகக் கிடைக்கும்.

பிளெண்டரில் இதற்கு என்ன இருக்கிறது?

குவாட்ரிஃப்ளோ. இதுவும் 2.81-இல் வந்ததுதான். ஆப்ஜெக்ட் டேட்டா பகுதியில் ரீமெஷ் என்பதன் கீழ் இருக்கும். ஒரே ஓரக்கோட்டில் இரண்டுக்கு மேல் பாலிகன் சேர்ந்திருந்தாலோ, பாலிகன்கள் பார்க்கும் திசை முரணாக இருந்தாலோ அது மறுத்துவிடும். அப்போது முதலில் வாக்செல் ரீமெஷ் (ஸ்கல்ப்ட் மோடில் கன்ட்ரோல் + ஆர்) போட்டு எல்லாவற்றையும் ஒரே உடலாக்கிவிட்டு, அப்புறம் குவாட்ரிஃப்ளோவுக்குப் போங்கள். பிளெண்டருக்கு வெளியே, 2015-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையோடு வெளிவந்த இன்ஸ்டன்ட் மெஷஸ் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. காசு கொடுக்கத் தயார் என்றால் குவாட் ரீமெஷர் என்ற ஆட்-ஆன் குவாட்ரிஃப்ளோவைவிடச் சுத்தமான ஓட்டம் தருகிறது என்பது என் அனுபவம்.

வலை பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் ரிக்கிங் (உருவத்தை அசைக்க எலும்பு பொருத்துவது) செய்பவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன்?

எனக்கும் இது நடந்திருக்கிறது. தானாகப் பின்னிய ஒரு கையை அனுப்பினேன். எல்லாம் குவாட், எல்லாம் ஒரே அளவு. மறுநாளே திரும்பி வந்தது: முழங்கையை மடக்கினால் கை முறுக்குப் பிழிந்த மாதிரி திருகுகிறது என்று. காரணம் சுருள். கையைச் சுற்றி வரும் லூப் தொடங்கிய இடத்துக்கே வந்து சேராமல் ஒரு கட்டம் தள்ளிப் போய், தோளிலிருந்து மணிக்கட்டுவரை திருகாணி மரை மாதிரி இறங்கியிருந்தது. கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பிளெண்டரின் எடிட் மோடில் கையைச் சுற்றியிருக்கும் ஒரு எட்ஜ்ஜை (கட்டத்தின் ஓரக்கோடு) ஆல்ட் அழுத்திக் கிளிக் செய்யுங்கள். ஒரு வளையம் மட்டும் தேர்வானால் சரி. கை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஓடினால் அது சுருள். அன்றிலிருந்து கை, கால், விரல், கழுத்து என்று ஒவ்வொரு உருளையான பாகத்திலும் இந்த ஒரு கிளிக்கைச் செய்யாமல் எதையும் அனுப்புவதில்லை. சரிசெய்ய, ஸீரீமெஷரில் கையைச் சுற்றி மூடிய வளையமாக இரண்டு கைட் கோடு போட்டு மறுபடி ஓட்டுங்கள், அல்லது கையை இரண்டு மூன்று பாலிகுரூப்பாகப் பிரியுங்கள்.

முகத்தைக் கையால் பின்னும்போது எங்கே தொடங்குவது?

மவுஸைத் தொடுவதற்கு முன், கண்ணாடி முன்னால் நின்று நிதானமாக மென்று பாருங்கள். சிரித்துப் பாருங்கள். மூக்கின் ஓரத்திலிருந்து வாயைச் சுற்றித் தாடைக்கு இறங்கும் மடிப்பு எங்கே உண்டாகிறது, கண் சுருங்கும்போது கோடுகள் எந்தப் பக்கம் விரிகின்றன என்று கவனியுங்கள். பிறகு ஸ்கல்ப்ட்டின் மேலேயே பெயின்ட் பிரஷ்ஷால் அந்த ஓட்டங்களை வரையுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும், பிறகு பல மணி நேரம் மிச்சமாகும்.

அப்புறம் இந்த வரிசை. முதலில் கண்களைச் சுற்றி இரண்டு மூன்று வளையம். அடுத்து உதட்டைச் சுற்றி அதேபோல. மூன்றாவதாக, மூக்கின் பாலத்தில் தொடங்கி நாசியின் ஓரமாக வந்து வாயைச் சுற்றித் தாடைக்கு அடியில் போய் மறுபக்கம் ஏறும் பெரிய வளையம். சிரிப்பு இந்த வளையத்தின்மேல்தான் நடக்கிறது. பாட்டியின் முகத்தில் அந்த மடிப்பு ஏற்கெனவே ஆழமாக விழுந்திருக்கிறது, ஆகவே லூப் சரியாக மடிப்பின் குழியில் உட்கார வேண்டும், இரண்டு பக்கமும் தலா ஒரு துணை லூப் வேண்டும். இவையெல்லாம் தனித்தனித் தீவுகளாக இருக்கும்போதே எண்ணிக்கையைச் சரிபாருங்கள். அப்புறம்தான் கன்னத்தையும் நெற்றியையும் நிரப்ப வேண்டும். கன்னத்திலிருந்து தொடங்குகிறவர்கள் கண்ணோரத்துக்கு வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றுக்கும் லூப் வெட்ட வேண்டாம். வலை சுருக்கத்தின் திசையில் படுக்கையாக ஓடினால் போதும். சின்னக் கோடுகளை நார்மல் மேப் (வெளிச்சத்தை ஏமாற்றி மேடுபள்ளம் காட்டும் படம்) பார்த்துக்கொள்ளும்.

பிளெண்டரில் பின்னுவதற்கு ஸ்னாப்பை ஃபேஸுக்கு மாற்றுங்கள் (புதுப் புள்ளிகள் பழைய மேற்பரப்பில் ஒட்டும்), கிளிப்பிங்கோடு மிரர் மாடிஃபையர் போடுங்கள், 3.6 பதிப்பிலிருந்து இருக்கும் ரீடோப்பாலஜி ஓவர்லேயை இயக்குங்கள். இது இல்லாத காலத்தில் புது வலை பழைய மெஷ்ஷுக்குள் முங்கி முங்கிக் கண் வலிக்கும். மாயா மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குக் குவாட் டிரா இருக்கிறது, கையால் பின்னுவதற்கு நான் பழகியதிலேயே வேகமானது அதுதான்.

உடம்புக்கு வந்தால், முழங்கை, முட்டி, விரல் மூட்டு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று லூப். மடிப்பில் ஒன்று, இருபுறமும் ஒவ்வொன்று.

போல் என்கிறார்களே, அதைத் தவிர்க்க முடியாதா?

நான்கு எட்ஜ் சேரும் புள்ளி சாதாரணம். மூன்றோ ஐந்தோ சேர்ந்தால் அதைப் போல் என்கிறோம். போலே இல்லாமல் ஒரு தலையைப் பின்ன முடியாது, இது கணக்கு. முழுக்கக் குவாட்டால் மூடிய ஒரு மெஷ்ஷில் ஒவ்வொரு புள்ளிக்கும் 4-லிருந்து அங்கே சேரும் எட்ஜ் எண்ணிக்கையைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். போண்டா மாதிரி ஓட்டையில்லாத உருவம் என்றால் விடை எப்போதும் 8. கனசதுரத்தைப் பாருங்கள்: எட்டு மூலை, ஒவ்வொன்றிலும் மூன்று எட்ஜ், மொத்தம் 8. உளுந்து வடை மாதிரி நடுவில் ஒரு ஓட்டை இருந்தால் விடை 0, போலே இல்லாமல் பின்னிவிடலாம்.

நம் பாட்டி இன்னும் சுவாரசியம். இரண்டு காதுமடலிலும் ஊடுருவும் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டைக்கும் 8 குறையும், ஆக விடை −8. அதாவது கழுத்தை மூடிய அந்தத் தலையில் ஐந்து எட்ஜ் போல்கள் மூன்று எட்ஜ் போல்களைவிட எட்டு அதிகமாக இருந்தே தீரும் (ஆறு எட்ஜ் போல் வந்தால் அதை இரண்டாகக் கணக்கிடுங்கள்). வளர்த்த காதின் வளையம் தலையோடு சேரும் இடத்தில் ஐந்து எட்ஜ் போல் வந்து நிற்பது உங்கள் பிழை இல்லை, காதின் வடிவமே அதைக் கேட்கிறது.

எனவே எங்கே வைப்பது என்பதுதான் நம் கையில் இருக்கிறது. உச்சந்தலை, காதின் பின்புறம், கண் வளையமும் வாய் வளையமும் சந்திக்கும் கன்னத்து மேடு ஆகியவை நல்ல இடங்கள். இமையின் ஓரம், வாயின் கடைவாய் முனை, மூட்டின் மடிப்பு ஆகியவற்றில் வைக்காதீர்கள், அசையும்போது அங்கே கிள்ளினமாதிரி தெரியும். ஆறு எட்ஜும் அதற்கு மேலும் சேரும் புள்ளியை எங்கேயும் விடாதீர்கள்.

எவ்வளவு முயன்றும் ஒரு இடைவெளி குவாட்டால் மூடவில்லை. என்ன செய்வது?

அதன் ஓரத்து எட்ஜ்களை எண்ணுங்கள். ஒற்றைப்படை வந்தால் விட்டுவிடுங்கள், விடிய விடிய உட்கார்ந்தாலும் மூடாது. ஒவ்வொரு குவாட்டுக்கும் நான்கு பக்கம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு எட்ஜையும் இரண்டு குவாட் பகிர்கின்றன, அதனால் ஓரத்துக்கு மிஞ்சுவது எப்போதும் இரட்டைப்படை. பக்கத்தில் ஒரு லூப்பைச் சேர்த்தோ நீக்கியோ இரட்டையாக்குங்கள். அடர்த்தியைக் குறைக்கும்போது 3-லிருந்து 1-க்கு, 4-லிருந்து 2-க்கு இறங்கினால் குவாட்டாகவே முடியும். 2-லிருந்து 1-க்கு இறங்கினால் ஒரு முக்கோணம் வந்து நிற்கும்.

முக்கோணமே இருக்கக்கூடாதா?

இருக்கலாம். 1978-இல் கேட்மல், கிளார்க் இருவரும் வெளியிட்ட சப்டிவிஷன் (பாலிகனைப் பிரித்து வழுவழுப்பாக்கும்) முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அதில் ஒரு முறை பிரித்தாலே முக்கோணம் மூன்று குவாட்டாகிவிடும், நடுவில் ஒரு மூன்று எட்ஜ் போல் மட்டும் தங்கும். வாயின் உட்புறத்திலோ கொண்டைக்கு அடியிலோ ஒன்றிரண்டு இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. அசையும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

புது மெஷ்ஷில் நான் செதுக்கிய சுருக்கமெல்லாம் போய்விட்டதே?

போகவில்லை, பழைய மெஷ்ஷில் பத்திரமாக இருக்கிறது. புதியதன்மேல் படிய வைக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் பொறுமைதான் முக்கியம்.

ஸீபிரஷ்ஷில் பழையதும் புதியதும் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி வைத்து, புதியதைத் தேர்ந்தெடுத்து புராஜெக்ட் ஆல் அழுத்துங்கள். பிறகு கன்ட்ரோல் + டி போட்டு ஒரு நிலை ஏறி மறுபடி புராஜெக்ட். இப்படி நிலை நிலையாக ஏற வேண்டும். நேரே உச்ச நிலைக்குப் போய் ஒரே அழுத்தாக அழுத்தினால் முகமெல்லாம் முள் முளைத்துவிடும். 6,000-இல் தொடங்கினால் ஒவ்வொரு நிலைக்கும் நான்கு மடங்கு: 24,000, 96,000, 3,84,000, 15,36,000, அடுத்தது 61,44,000. ஐந்து முறை பிரித்தால் பழைய ஸ்கல்ப்ட்டின் 40 லட்சத்தைத் தாண்டிவிடுகிறோம்.

அப்படியும் உதட்டுக்குள்ளும் இமைக்குள்ளும் சிக்கும். மேலுதட்டின் புள்ளி கீழுதட்டைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். வாயின் உட்பகுதியை மாஸ்க் செய்துவிட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு நிலையிலும் புராஜெக்ட் செய்வதற்கு முன் ஸ்டோர் எம்டி அழுத்தி மார்ஃப் டார்கெட்டைச் சேமித்து வைத்தால், கெட்டுப்போன இடத்தை மட்டும் மார்ஃப் பிரஷ்ஷால் தேய்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். இது எனக்குப் பலமுறை கைகொடுத்த வழி.

பிளெண்டரில் புது மெஷ்ஷுக்கு மல்டிரெஸ் (நிலை நிலையாகப் பிரிக்கும் மாடிஃபையர்) போட்டுப் பிரித்து, அதன் கீழே பழைய மெஷ்ஷை இலக்காக வைத்து ஷ்ரிங்க்ராப் (இலக்கின்மேல் படிய வைக்கும் மாடிஃபையர்) சேர்த்து, அதை அப்ளை செய்யுங்கள். விவரம் மல்டிரெஸ்ஸுக்குள் இறங்கிவிடும்.

கேமுக்கு என்றால்?

நிலைகளை ஏற்ற வேண்டாம். குறைந்த மெஷ்ஷுக்கு யுவி விரித்து, பழைய ஸ்கல்ப்ட்டிலிருந்து நார்மல் மேப்பை பேக் செய்யுங்கள் (விவரங்களைப் படமாகப் பதிவுசெய்வது). நார்மல் மேப் வெளிச்சத்தைத்தான் ஏமாற்றும், ஓரக் கோட்டை மாற்றாது. ஆகவே பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் மூக்கு, தாடை, தொங்கும் காதுமடல் ஆகியவற்றில் பாலிகனைச் செலவழியுங்கள். தட்டையான நெற்றியிலும் பின்மண்டையிலும் மிச்சம் பிடியுங்கள். பேக் செய்வதற்கு முன்பே மெஷ்ஷை முக்கோணமாக்கிவிடுங்கள். குவாட்டைக் கேம் எஞ்சின் வேறு குறுக்கில் வெட்டினால், பேக் செய்த நிழல் பிசகிக் கோடு கோடாகத் தெரியும்.

யுவி, ஷேப் கீ (முகபாவங்களுக்காகச் சேமித்த வடிவங்கள்) எல்லாம் ஏற்கெனவே செய்துவிட்டேன். இப்போது ரீடோப்பாலஜி செய்தால்?

ஷேப் கீ போய்விடும். அது புள்ளிகளின் வரிசை எண்ணை நம்பி இருக்கிறது, புது வலையில் அந்த எண்களே மாறிவிடுகின்றன. யுவியையும் புதிதாக விரிப்பதுதான் நல்லது. அதனால்தான் முகபாவங்களுக்கு முன்பே வலையை முடிக்கச் சொல்கிறோம். பல கேரக்டர் செய்யும் இடங்களில் ஒரே ஒரு நல்ல தலை வலையை வைத்துக்கொண்டு, அதையே ஒவ்வொரு புது முகத்தின்மேலும் போர்த்திவிடுவார்கள். வரிசை எண் மாறாததால் ஒருவருக்குச் செய்த முகபாவம் இன்னொருவருக்கும் உதவும். ஒரு தலையை மனசுக்குப் பிடித்த மாதிரி பின்னிவிட்டீர்கள் என்றால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

அனுப்புவதற்கு முன் கடைசியாக என்ன பார்க்க வேண்டும்?

மூன்று எலும்பு மட்டும் போட்டு ஒரு கரடுமுரடான ரிக் செய்யுங்கள்: தலை, தாடை, கழுத்து. தாடையைத் திறந்து மூடுங்கள், பக்கவாட்டில் மெல்லுவதுபோல ஆட்டுங்கள், தலையை இரண்டு பக்கமும் திருப்புங்கள். கடைவாயில் வலை கிழிகிறமாதிரி விரிந்தால் அங்கே இன்னொரு லூப் வேண்டும். கழுத்துத் திரும்பும்போது காதுமடல் தோளுக்குள் முங்கினால், அது வலையின் பிரச்சினை இல்லை. பாம்படத்துக்கும் மடலுக்கும் தனி எலும்பு வேண்டும் என்று ரிக்கிங் செய்பவருக்கு ஒரு வரி எழுதிச் சேர்த்து அனுப்புங்கள்.